முளையிலேயே அறிதல்

நோய் வெளிப்படும் நாள் வேறு, அது பிறந்த நாள் வேறு. இதை நம் பண்டைய மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஒரு நோய் கடந்து வரும் ஆறு நிலைகளை ஸுச்ருத ஸம்ஹிதையின் ஸூத்ர ஸ்தானம் 21-ஆம் அத்தியாயத்தில் விவரிக்கிறது. முதலில் தோஷம் தன் இடத்திலேயே சேர்கிறது. சேர்ந்தது சீற்றம் கொள்கிறது. பிறகு உடலில் பரவுகிறது. எங்கோ ஓரிடத்தில் தங்கி வேர் பிடிக்கிறது. அதன் பின்னரே நோய் என்ற பெயரோடு வெளிப்படுகிறது. கடைசியில் முற்றி, வேறு நோய்களுக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

நாம் வைத்தியரைத் தேடிப் போவது பெரும்பாலும் ஐந்தாம் நிலையில்தான். அதற்குள் நான்கு நிலைகள் கடந்துவிட்டன. அந்த நான்கிலும் உடல் மௌனமாக இருக்கவில்லை. வயிற்றில் ஒரு மந்தம், உணவில் ஒரு வெறுப்பு, காரணம் தெரியாத சோர்வு என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ‘இது ஒன்றுமில்லை’ என்று நாமே அதற்குப் பதிலும் சொல்லி வந்தோம். சேரும் நிலையிலேயே தோஷத்தை அகற்றிவிட்டால் அது மேலே செல்வதில்லை என்றும், ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் அது வலிமை பெறுகிறது என்றும் ஸுச்ருதர் எடுத்துரைக்கிறார்.

உடலுக்குச் சொன்னது வாழ்க்கைக்கும் பொருந்தும் என்பதை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைய வேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் பகைத்திறம் தெரிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். இதை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அறிந்திருந்தும் நாம் ஏன் அவ்வாறு செய்வதில்லை? சோம்பல் என்பது எளிய விடை. அது முழு விடை அன்று. முள்மரக் கன்றைப் பார்த்தவுடன் அது முள்மரம் என்று நமக்குத் தெரிகிறது. வாழ்க்கையின் சிக்கல்கள் அப்படித் தம் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு முளைப்பதில்லை. பெரிய சிக்கலின் சிறிய வடிவமாகச் சிறிய சிக்கல் தோற்றமளிப்பதில்லை. வேறு ஏதோ ஒன்றாகத் தோற்றமளிக்கிறது. கடன் முதலில் வசதியாகவே வருகிறது. பகை ஒரு சிறு சுணக்கமாகவும், சாதனையின் வீழ்ச்சி ஒருநாள் ஓய்வாகவும் தொடங்குகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. சிறியவற்றை எல்லாம் உடனே கவனித்தே தீர வேண்டும் என்று புறப்பட்டவர் வீட்டில் அமைதி இருப்பதில்லை. மருமகள் கதவைச் சாத்திய ஓசையில் ஒரு பொருளையும், மகன் தொலைபேசியில் பேசிய குரலில் ஒரு பொருளையும் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் முளையிலேயே கிள்ளிக்கொண்டிருப்பவரை நாம் அறிவோம். அவர் கிள்ளக் கிள்ளத் தழைக்கிறது. எனவே, ‘சிறியதை உடனே கவனி’ என்ற அறிவுரை மட்டும் போதாது. எதை, எவ்வாறு கவனிப்பது என்ற விவேகம் வேண்டும். இக்கட்டுரையின் பொருள் அந்த விவேகம்தான்.

தண்டவாளத்தில் நடப்பவர்

கவனிக்காமல் விட்டால் தானாகவே வளரும் சிக்கல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இவற்றை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை அறிய, நாம் அனைவரும் பயணம் செய்திருக்கும் ரயில் பாதையையே பார்க்கலாம்.

நம் நாட்டின் ரயில் பாதை 68,000 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. இதைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ‘கீமேன்’ என்ற ஊழியரை நியமித்திருக்கிறார்கள். தம் பகுதி முழுவதையும் நாள்தோறும் கால்நடையாக நடந்து பார்ப்பது அவர் கடமை. தோளில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, ஆபத்துக் காலத்தில் வண்டியை நிறுத்துவதற்குத் தண்டவாளத்தின் மீது வைக்கும் பட்டாசு சிக்னல் ஆகியவற்றுடன் அவர் நடக்கிறார். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிணைக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குகிறார். போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குகிறார். ஒரு நுட்பமான விதியும் உண்டு: போகும்போது ஒரு தண்டவாளத்தின் வழியே சென்றால், திரும்பும்போது மற்றத் தண்டவாளத்தின் வழியே வர வேண்டும். ஒரே பக்கத்தைப் பார்த்துப் பழகிய கண் மறுபக்கத்தைக் காணாது என்பது அந்த விதியை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு கிளிப் தளர்ந்தால் ரயில் கவிழ்ந்துவிடுமா? கவிழாது. அடுத்த கிளிப்புகள் அந்தச் சுமையையும் தாங்கிக்கொள்ளும். இங்குதான் ஆபத்து இருக்கிறது. தளர்ந்த ஒன்றின் சுமை பக்கத்திலுள்ளவற்றின் மீது விழுகிறது. அவை சற்று விரைவாகத் தளர்கின்றன. எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும் அந்தக் காலம் முழுவதும் பாதை தன் சேமிப்பைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது. குடும்பத்திலும் நிறுவனத்திலும் இதையே காண்கிறோம். ஒருவர் தம் பொறுப்பைத் தளர்த்தும்போது மற்றவர்கள் ஓசையின்றித் தாங்குகிறார்கள். தாங்குகிறவர்கள் இருக்கும்வரை சிக்கல் ‘சிறியது’ என்றே கணக்கிடப்படுகிறது. அதை அளக்க வேண்டிய கோல் நம் வசதி அன்று, தாங்குகிறவர்களின் களைப்பு.

தண்டவாளத்தின் வெடிப்பும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வெயில் காலத்தில் இரும்பு விரிவதால் மெல்லிய வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும். குளிர்கால இரவில் இரும்பு சுருங்கி இழுபடும்போது அதுவே பிளந்துகொள்கிறது. ஆகவேதான் குளிர் கடுமையான பகுதிகளில் இரவு நேரங்களில் தனியாக ரோந்து வருகிறார்கள். வெடிப்பை உண்டாக்கியது அந்தக் குளிர் இரவு அன்று. முன்பே இருந்ததை அது வெளிப்படுத்தியது, அவ்வளவே. ‘அப்பா இறந்த பிறகுதான் சகோதரர்களுக்குள் பிளவு வந்தது’ என்று கூறுகிறோம். மரணம் பிளவை உண்டாக்குவதில்லை. அது ஒரு குளிர் இரவு.

கண்ணுக்கே தெரியாத குறைகளும் தண்டவாளத்தின் உள்ளே உண்டு. அவற்றை அறிய மீயொலி அலைகளைச் செலுத்திச் சோதிக்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு செல்கிறார்கள். மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். குறை உள்ளே இருக்கும். சாதகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பதஞ்ஜலி முனிவர் யோக ஸூத்திரத்தின் ஸாதன பாதத்தில் அவித்யை முதலிய கிலேசங்களுக்கு நான்கு நிலைகளைக் கூறுகிறார்: உறங்கிக் கிடக்கும் நிலை, மெலிந்த நிலை, இடையிடையே தடைப்பட்டு மறைந்திருக்கும் நிலை, முழு வேகத்தோடு செயல்படும் நிலை. நாம் ‘சிக்கல்’ என்று பெயரிடுவது நான்காவதை மட்டுமே. மூன்றாம் நிலையைப் பற்றி வியாஸ பாஷ்யம் தரும் விளக்கம் ஆழமானது. அன்பு தோன்றியிருக்கும் நேரத்தில் கோபம் தென்படுவதில்லை. அதனால் கோபம் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. திருமண வீட்டில் சிரித்துப் பேசிக்கொள்ளும் உறவினர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நாம் மகிழ்கிறோம். பல வேளைகளில் அது மூன்றாம் நிலை மட்டுமே.

நினைக்க நினைக்க வளர்பவை

இதற்கு நேர்மாறான ஒரு வகை உண்டு. கவனிப்பே அவற்றின் உணவு. விட்டுவிட்டால் மெலிந்து போகும். எடுத்து எடுத்துப் பார்த்தால் பருக்கும்.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63 ஆகிய இரு சுலோகங்களில் மனிதனின் வீழ்ச்சி படிப்படியாகக் காட்டப்படுகிறது. ஒரு பொருளை மனத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு அதில் பற்று உண்டாகிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவுக் குலைவு, அதிலிருந்து புத்தியின் அழிவு, அதோடு மனிதனின் அழிவு. இந்த வரிசையைப் பலரும் கேட்டிருப்பார்கள். முதல் படிக்குப் பகவான் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அந்தச் சொல் ‘தியானம்’ என்பதன் வேரிலிருந்தே பிறந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் பொதுவாக இதை ‘நினைத்தல்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அது போதுமானதாக எனக்குத் தோன்றுவதில்லை. ஒருமுறை நினைத்துவிடுவதை அச்சொல் குறிக்கவில்லை. எண்ணெய் ஒழுக்கைப் போல் இடைவிடாமல் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்துவதைக் குறிக்கிறது. இறைவனிடம் செலுத்தினால் மனிதனை உயர்த்தும் அதே சக்தி, அற்ப விஷயத்தில் செலுத்தப்படும்போது அற்ப விஷயத்தை உயர்த்திவிடுகிறது. ‘எனக்குத் தியானம் கைகூடவில்லை’ என்று வருந்தும் அன்பர்கள் பலர், தமக்கு நேர்ந்த ஓர் அவமதிப்பின் மீது அரிய தியானம் செய்யக்கூடியவர்கள்!

நான் அறிந்த இரு சகோதரர்கள். தம்பியின் மகள் திருமணம். அழைப்பிதழில் பெரியவர்களின் பெயர் வரிசையில் அண்ணன் பெயர் மாமனார் வீட்டாருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அச்சகத்தில் நேர்ந்ததா, யாரேனும் சொல்லிச் செய்ததா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அண்ணன் திருமணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். சாப்பிடாமல் போனதைத் தம்பி தனக்குச் செய்த அவமதிப்பாகக் கொண்டார். அதன்பின் பதினோர் ஆண்டுகள் இருவரும் பேசவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், அந்தப் பதினோர் ஆண்டுகளில் புதிதாக எதுவுமே நிகழவில்லை. ஒருவர் மற்றவருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. வெளியே ஓர் அழைப்பிதழ். மற்றவை அனைத்தும் உள்ளே கட்டப்பட்டவை. அண்ணனிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோது, அழைப்பிதழ் விஷயத்தில் தொடங்கி, சிறுவயதில் தம்பிக்குப் புதுச்சட்டை வாங்கி இவருக்கு வாங்காதது வரை வந்து சேர்ந்தார். கீதை கூறும் நினைவுக் குலைவு என்பது நினைவு அழிந்து போவது மட்டும் அன்று என்று அப்போது எனக்குப் பட்டது. இருப்பதை மறந்து, தேவையற்றதைத் தோண்டி எடுத்து, புதிய வரிசையில் அடுக்கித் தருவதும் அதில் அடங்கும்.

இத்தகைய சிக்கலுக்கு மருந்து, அதைத் ‘தீர்ப்பது’ அன்று. முதல் படியில் கால் வைக்காதிருப்பது. இரண்டாம் படியில் பற்றை வெல்வது கடினம். நான்காம் படியில் கோபத்தை வெல்வது மிகமிகக் கடினம். ஆறாம் படியில் வெல்ல வேண்டும் என்ற நினைவே இருப்பதில்லை. முதல் படியில் தேவைப்படுவது வீரம் அன்று. எண்ணத்தை வேறு பக்கம் திருப்பும் சிறு செயல் மட்டுமே. பதஞ்ஜலி இதைப் ‘பிரதிபக்ஷ பாவனை’ என்று அழைக்கிறார். தீய எண்ணம் தலையெடுக்கும்போது அதற்கு எதிரானதை மனத்தில் நிறுத்துதல். தீய எண்ணங்கள் மென்மை, நடுத்தரம், தீவிரம் என்று அளவால் வேறுபடுகின்றன என்றும் அவர் உடனே அடுத்துச் சொல்கிறார். மென்மையாக இருப்பதால் ஓர் எண்ணத்தை அவர் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘நினைக்காதே, விட்டுவிடு’ என்ற அறிவுரை எல்லா இடத்திலும் பொருந்தாது. நம் குடும்பங்களில் இது பெரும்பாலும் பெண்களுக்கே சொல்லப்படுகிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கணவன் ஓங்கிய கை, ‘கோபத்தில் ஒருமுறை’ என்று மன்னிக்கப்படும்போது, அது அழைப்பிதழ் போன்ற விஷயம் அன்று. தளர்ந்த கிளிப் அது. கவனிக்காமல் விட்டால் தானாகவே வளரும். அதைப் பொறுமை என்ற பெயரால் மூடிவைக்குமாறு எந்தச் சாஸ்திரமும் கூறவில்லை. முதல் அடி விழுந்த அன்றே பெற்றோரிடமோ நம்பத்தகுந்த பெரியவர்களிடமோ, தேவையானால் சட்டத்தின் காவலர்களிடமோ சொல்லிவிடுவதே சரி.

எனவே எது எந்த வகை என்று எவ்வாறு அறிவது? ஒரு எளிய சோதனை உண்டு. மூன்று நாட்கள் அதை நினைக்காமலும் தொடாமலும் இருந்துவிட்டுப் பிறகு திரும்பிப் பாருங்கள். சிறுத்திருந்தால் அது உங்கள் நினைப்பை உண்டு வாழ்ந்தது. மேலும் மூன்று நாட்கள் பட்டினி போடலாம். பெருத்திருந்தால், அல்லது மீண்டும் நிகழ்ந்திருந்தால், அதற்குத் தனி உயிர் இருக்கிறது. அதை உடனே கவனிக்க வேண்டும். (ஓங்கிய கையையும், நெஞ்சு வலியையும் இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது.) நம் வழக்கமோ நேர் எதிராக இருக்கிறது. செய்ய வேண்டியதை ‘நாளை பார்க்கலாம்’ என்று விடுகிறோம்; விட வேண்டியதை இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கிறோம்.

மானும் கோவணமும்

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரத மன்னரின் கதை, இவ்விரு வகையிலும் எளிதில் அடங்காத ஒன்று. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துகொண்டிருந்தார் பரதர். சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டு அஞ்சிய ஒரு நிறைமாத மான் ஆற்றைத் தாண்டப் பாய்ந்தது. குட்டி நீரில் விழுந்தது, தாய் இறந்தது. ஆற்றில் மிதந்து சென்ற குட்டியைப் பரதர் எடுத்துவந்து வளர்த்தார். பிறகு நிகழ்ந்ததை அனைவரும் அறிவர். குட்டிக்குப் புல், குட்டிக்குக் காவல், குட்டி எங்கே போயிற்று என்ற கவலை. நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. இறுதிக் கணத்திலும் மனம் மானிடமே இருந்ததால் மானாகப் பிறந்தார்.

இக்கதையைக் கேட்டவுடன், ‘அவர் மானை எடுத்திருக்கவே கூடாது’ என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவ்வாறு கருதுவது கதைக்கும் தர்மத்துக்கும் அநீதி என்பது என் கருத்து. மூழ்கும் உயிரை எடுத்தது கருணை. அதில் குற்றம் இல்லை. அப்படியானால் தவறு எந்த நாளில் நிகழ்ந்தது? அந்த நாளைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் கதையின் நுட்பம். புல் பறிக்கச் சென்றதால் பூஜை அரை நாழிகை தள்ளிப்போன ஒரு காலை இருந்திருக்கும். மறுநாள் ஒரு நாழிகை. குட்டி பருவமடைந்து தானே மேயக்கூடிய வயது வந்தபோது, அதை மான் கூட்டத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியிருக்கலாம். ‘இன்னும் சில நாள்’ என்று மனம் பதில் சொல்லியிருக்கலாம். தீய செயல் ஒன்று கதவைத் தட்டியிருந்தால் பரதரைப் போன்ற ஒருவர் அடையாளம் கண்டிருப்பார். இங்கே வந்ததோ நற்செயல். நற்செயலின் பின்னால் நுழைவதை யாரும் சோதிப்பதில்லை. மக்கள் சேவையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள், சேவைக்காகத் தியானத்தை விடும்போதும், சேவையில் தமக்குரிய இடம் குறையும்போது மனம் சுருங்குவதை உணரும்போதும், இந்த மானை நினைத்துக்கொள்வது நல்லது.

தீர்க்கும் முறையாலேயே சிக்கல் பெரிதாவதும் உண்டு. ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கோவணக் கதை புகழ்பெற்றது. குடிசையில் வாழ்ந்த சாதுவின் கோவணத்தை எலி கடித்தது. எலிக்காகப் பூனை வந்தது. பூனையின் பாலுக்காகப் பசு வந்தது. பசுவின் வைக்கோலுக்காக நிலம் வந்தது. நிலத்துக்காக ஆட்களும் களஞ்சியமும் வந்தன. திரும்பி வந்த குரு அந்தப் பெரிய பண்ணையைக் கண்டு திகைத்தார். ஒரு கோவணத்தைக் காப்பாற்றவே இவ்வளவும் வந்தன என்று சீடர் விளக்க வேண்டியதாயிற்று.

துறவின் சிறப்பைக் காட்ட இக்கதை சொல்லப்படுவது வழக்கம். இல்லறத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு படியையும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒன்றுகூட முட்டாள்தனமானது அன்று. எலிக்குப் பூனை என்பது எந்த ஊரிலும் நியாயமான தீர்வு. தவறு எந்தத் தனிப்படியிலும் இல்லை. சிறிய தொல்லை ஒன்றைத் தாங்கிக்கொள்ள முடியாமல், அதைவிடப் பெரியதொன்றை வீட்டுக்குள் அழைத்ததில் இருக்கிறது. இன்று அழும் குழந்தையை அமைதிப்படுத்தக் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் தாயையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, உதவிக்கு ஆளில்லை. ஆனால் அழுகை ஐந்து நிமிடத்தில் அடங்கியிருக்கும். கைப்பேசியைத் திரும்ப வாங்க ஐந்து ஆண்டுகள் போராட வேண்டியிருக்கிறது.

தவறிய ஒரு நாள்

சாதனை வாழ்க்கையில் இதன் அடையாளம் மிக எளியது. நாள்தோறும் ஜபம் செய்பவர் ஒருநாள் தவறவிட்டால் மனத்தில் முள் தைத்தது போல் இருக்கும். மறுநாளும் தவறினால் முள்ளின் கூர்மை குறைந்திருக்கும். நான்காம் நாள் வலியே இராது. வலி நின்றதை மனம் அமைதி என்று பெயரிட்டுக்கொள்கிறது. உண்மையில் எச்சரிக்கை மணியின் நாக்கு அறுந்துவிட்டது. எனவே தவறிய நாளின் மறுநாள் முழு எண்ணிக்கையையும் முடித்தே தீருவேன் என்று வீரம் பேசுவதைவிட, அந்த முள் தைத்துக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடமாவது அமர்ந்துவிடுவது நல்லது. விட்ட மாலைகளையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுவதாகக் கூறும் அன்பர்களிடம் நான் வாதிடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததாக ஒருவரும் என்னிடம் கூறியதில்லை.

இரவில் உறங்கும் முன் சற்று நேரம் அன்றைய நாளை நடந்து பார்க்கும் பழக்கம் பயன் தரும். கீமேன் நடப்பதைப் போலவே நடக்க வேண்டும். பாதையைக் குறித்துக் கவலைப்படுவது அவர் வேலை அன்று. தளர்ந்ததை அடிக்கிறார், மேலே நடக்கிறார். இங்கே இரண்டு கேள்விகள் போதும்: இன்று எதைத் தள்ளிப்போட்டேன்? எதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்? முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மறுநாள் காலையில் செய்ய வேண்டிய முதல் வேலையாகக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாம் கேள்விக்குக் கிடைத்ததை இறைவனிடம் கூறிவிட்டு உறங்கிவிடலாம். மறுபக்கத் தண்டவாளத்தையும் மறக்க வேண்டாம். ‘அவர் எனக்குச் செய்தது’ என்ற பக்கத்திலேயே தினமும் நடந்தால், ‘நான் அவருக்குச் செய்தது’ என்ற பக்கம் துருப்பிடித்துக் கிடக்கும்.

மறைத்து வைப்பதுபோல் சிக்கலை வளர்ப்பது வேறொன்றும் இல்லை. மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சகம் அன்று, வெட்கம். கடன் விஷயத்தில் இதை அடிக்கடி காண்கிறோம். மாதம் 3 சதவீதம் என்றால் காதுக்குச் சிறியதாகத்தான் ஒலிக்கிறது. ரூ.50,000 கடனை எதுவும் கட்டாமல் அந்த வட்டியில் விட்டால், ஓராண்டில் அது ரூ.71,288 ஆகிறது, இரண்டாம் ஆண்டின் முடிவில் ரூ.1,01,640. வெட்கமும் இதே கூட்டு வட்டிக் கணக்கில்தான் வளர்கிறது. முதல் மாதம் சொல்லியிருந்தால் ‘ஏன் வாங்கினாய்?’ என்ற ஒரு கேள்விதான். இரண்டாண்டு கழித்துச் சொன்னால் ‘ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?’ என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது கேள்விக்கு அஞ்சி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுகிறார்கள்.

சிக்கல் ஏற்கெனவே முற்றிவிட்டவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஏனெனில் இக்கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் ஐந்தாம் நிலையிலோ ஆறாம் நிலையிலோ இருக்கக்கூடும். இன்னும் வராத துன்பமே தவிர்க்கப்பட வேண்டியது என்ற பொருளில் பதஞ்ஜலி ஒரு ஸூத்திரம் அமைத்திருக்கிறார். கடந்த துன்பம் அனுபவித்துத் தீர்ந்தது. நிகழ்காலத் துன்பம் இந்தக் கணத்திலேயே அனுபவத்தில் இருக்கிறது. தவிர்க்கக்கூடியது எதிர்காலத்தில் இருப்பது மட்டுமே என்று வியாஸர் அதை விளக்குகிறார். எவ்வளவு முற்றிய சிக்கலுக்கும் இன்னும் வராத ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி இன்று முளை நிலையில்தான் இருக்கிறது.

அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றிய ஓர் அன்பர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கடனை மனைவியிடம் மறைத்து, அதை அடைக்க மற்றொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று பூனை, பசு, நிலம் வரை சென்றுவிட்டார். உறக்கம் போயிற்று, ஜபத்தில் அமர்ந்தால் வட்டிக் கணக்கு ஓடிற்று. மன அமைதிக்கு ஏதேனும் மந்திரம் உண்டா என்று கேட்டு ஆசிரமத்துக்கு வந்தார். மந்திரம் இருக்கட்டும், முதலில் எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதி இன்றிரவே மனைவியின் முன் வையுங்கள் என்று மூத்த சுவாமிஜி கூறினார். அவர் முகம் வெளிறியது. அதைவிட நாற்பது நாள் உபவாசம் இருக்கச் சொன்னாலும் இருந்துவிடுவார் போலிருந்தது.

ஒரு வாரம் கழித்து வந்தபோது நடந்ததைக் கூறினார். தாளை மேசை மீது வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அந்த அம்மையார் தாளை எடுத்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்திருக்கிறார். பிறகு ஒரு பேனாவைக் கொண்டுவந்து, அடியில் இன்னும் ஒரு தொகையைத் தம் கையால் சேர்த்து எழுதியிருக்கிறார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்குத் தம் சேமிப்பிலிருந்து கொடுத்து அனுப்பிய பணம் அது. ‘எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்று இருந்தேன்’ என்றாராம்.

கடன் அடைபட நான்கு ஆண்டுகள் ஆயிற்று. உறக்கம் அன்றிரவே வந்துவிட்டது என்றார் அவர்.